பூண்டுக்குப் போட்ட புகை

நான் இப்போது நன்றாக இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக் கதை என்றால் ஆள் பிழைத்தாளா இல்லையா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கே உண்டு. பிழைத்தேன். மேட்டில் ஏறி இறங்குகிறேன், தண்ணீர் சுமக்கிறேன், வீட்டுக்காரரோடு நின்று நிதானமாகச் சண்டை போடும் அளவுக்கு மூச்சு இருக்கிறது. அன்றைக்கு என்னைப் போல மாதக்கணக்கில் இருமிக்கொண்டு, வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிற யாராவது ஒருத்தி படிப்பாள் என்றுதான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. நான் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்காரருக்குக் கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலைக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. பிரசவம் முடிந்து, பாப்பாவுக்குத் தலை நின்றதும் அவரோடு மலைக்குப் போனேன். எனக்குக் குளிர் என்றால் மார்கழி விடியற்காலை மட்டும்தான். அங்கே வருஷம் முழுக்க மார்கழியாக இருந்தது.

வீடு என்று கிடைத்தது ஒரு பூண்டு விவசாயியின் வீட்டில் பாதி. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். அந்த விவசாயியின் மனைவி பேர் வெள்ளையம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் அடுப்படிக்கு மேலேதான் அவர்களுடைய பரண். அதில் அடுத்த போகத்துக்கான விதைப்பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்கும். கீழே அடுப்பெரிகிற புகை பட்டுப் பட்டு அது கெடாமல் இருக்கும். அந்த மலையில் வீட்டுக்கு வீடு இதுதான் வழக்கம். குடிவந்த அன்றே அக்கா சொல்லிவிட்டார்.

"பரண்ல வெதப்பூண்டு கெடக்கு, சரசு. அதுக்குப் பொகை போட்டுக்கிட்டே இருக்கணும். பொகை பட்டாத்தான் பூச்சி அண்டாது, மொளை விடாது. அதைப் பாத்துக்கிட்டீகன்னா வாடகையில கொறச்சுக்கிறோம்."

எனக்கு ஒரு வேலையை ஒப்படைத்தால் அதை ஒழுங்காகச் செய்யாமல் தூக்கம் வராது. இது நல்ல குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் அடுப்படி என்பது பாதி வெட்டவெளி. தென்னை மட்டையை எரித்தால் புகை அதன் பாட்டுக்கு வானத்துக்குப் போய்விடும். இங்கே குளிருக்கு அஞ்சி ஒரே ஒரு சின்ன ஜன்னல். புகை வீணாகக்கூடாதே என்று அந்த ஜன்னலையும் சாத்தினேன். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் பழைய சாக்கைச் சுருட்டி அடைத்தேன். காய்ந்த விறகில் புகை குறைவாக வருகிறது என்று கண்டுபிடித்து, சோலை ஓரத்தில் வெட்டின வாட்டில் மரத்தைப் பச்சையாகவே கொண்டுவந்து வைத்தேன். அது தலைப்பில் நுரை தள்ளி, உஸ்ஸென்று சத்தம் போட்டு, கண்ணைக் கரிக்க வைத்து, அடுப்படியை நிறைத்தது. வீட்டிலேயே சூடான இடம் அதுதான் என்பதால் பாப்பாவின் தொட்டிலையும் அங்கேயே கட்டினேன். சமைத்த நேரம் போக மீதி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் தோட்டத்திலிருந்து வரும்போது வெள்ளையம்மாக்கா எங்கள் ஓட்டுக்கு மேலே கிளம்புகிற புகையைப் பார்த்துவிட்டு, "ஒன்னய மாதிரி பொகை போட எனக்கே வராது," என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஐப்பசி மழையில் இருமல் வந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். சுக்கு, மிளகு, கஷாயம் எல்லாம் ஆனது. கஷாயத்தையும் அந்த அடுப்பில்தான் வைத்தேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தை பிறந்தபோது குடம் தூக்க முடியவில்லை. நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஒரு நாள் காலை துப்பிய சளியில் நூல் மாதிரி ரத்தம் இருந்தது. அதைக் காலால் மண்ணைத் தள்ளி மூடப்போனேன். பின்னால் வீட்டுக்காரர் நின்றிருந்தார். உள்ளே போய்ப் பாப்பாவுக்குக் கம்பளிக் குல்லாயை மாட்டினார். அடுத்த பஸ்ஸில் கொடைக்கானல் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா நடுத்தர வயது. சத்தமில்லாமல் பேசுவார். முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நுரையீரலில் ஓரிடத்தில் மேகம் மாதிரி இருந்ததைக் காட்டினார்.

"இது சளி கட்டினதாவும் இருக்கலாம், டி.பி.யாவும் இருக்கலாம். சோதிச்சுத்தான் சொல்ல முடியும். அதுவரைக்கும் குழந்தை உங்ககிட்ட இருக்கக்கூடாது. பாலும் குடுக்க வேண்டாம்."

டி.பி. என்றதற்குக்கூட நான் அழவில்லை. குழந்தை இருக்கக்கூடாது என்றதற்குத்தான் அழுதேன். அந்த நாளில் அந்தச் சீக்கின் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் வீட்டு வாசலில் ஆள் நடமாட்டம் நின்றுவிடும். மாதக்கணக்கில் ஊசி போடவேண்டும், தட்டும் டம்ளரும் தனி, பிள்ளை தனி. பாப்பா தவழ ஆரம்பித்து, அம்மா யார் அடுத்த ஆள் யார் என்று தெரிய ஆரம்பித்திருந்த சமயம் அது.

என் அக்கா நாகம்மாவுக்குப் பாலசமுத்திரத்தில் அப்போது கைக்குழந்தை இருந்தது. தந்தி கொடுத்ததும் பஸ் ஏறி, பழனிப் பாதை வந்து சேருகிற பெருமாள்மலை வரைக்கும் வந்துவிட்டாள். வீட்டுக்காரர் பாப்பாவைக் கொண்டுபோய் அங்கே ஒப்படைத்தார். திரும்பி வந்தவரிடம் அழுதாளா என்று கேட்டேன்.

"மொதல்ல அழுதுச்சு. டீக்கடைக்குப் பின்னால ஒக்காந்து ஒங்கக்கா மடியில போட்டா. குடிச்சுட்டுத் தூங்கிருச்சு."

நிம்மதியாக இருந்தது. அதே நேரத்தில் கூடப் பிறந்த அக்கா மேல் அப்படி ஒரு பொறாமையும் வந்தது. இரண்டும் நிஜம். எனக்கு இங்கே பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தேன். இருமுவதைவிட அது வலித்தது.

சோதனைகளைப் பற்றிச் சொல்கிறேன், பயப்படுகிறவர்களுக்கு உதவும். முன்கையில் தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசி போடுவார்கள். இரண்டொரு நாள் கழித்து அந்த இடம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எனக்குத் தடித்தது. குடி முழுகிப்போனது என்று நினைத்தேன். நம் ஊரில் பெரியவர்கள் பாதிப்பேருக்குமேல் தடிக்கத்தான் செய்யும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டமுடியாது என்றார் டாக்டரம்மா. அப்புறம் காலையில் வெறும் வயிற்றில் காறித் துப்பிய சளியைக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிகிறதா என்று தேடினார்கள். தெரியவில்லை. ஆனால் கொஞ்சமாக இருந்தால் கண்ணுக்குப் படாமலும் போகுமாம். அதனால் அந்தச் சளியை மதுரைக்கு அனுப்பி, ஒரு குப்பியில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்தக் கிருமி சோம்பேறி, வளர வாரக்கணக்கில் ஆகும். அந்தக் குப்பியில் எதுவும் வளரக்கூடாது என்பதுதான் எனக்கு ஒரே வேண்டுதல். பழனி முருகனிடமும் சொன்னேன், ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த மாதாவிடமும் சொன்னேன். யாரிடமும் பாரபட்சம் வைக்கவில்லை.

மருந்தும் ஊசியும் இறங்கி, இருமல் நன்றாகக் குறைந்தது. மதுரையிலிருந்து பதில் வர நாளாகும், வீட்டில் போய்த் தேறுங்கள், குழந்தை மட்டும் அக்காவிடமே இருக்கட்டும் என்று அனுப்பினார்கள். வீட்டுக்காரர் தடபுடலாக ஏற்பாடு செய்திருந்தார். கயிற்றுக் கட்டிலை அடுப்படியிலேயே போட்டு, இரண்டு கம்பளி விரித்து, நான் போடுவதைப் போலவே பச்சை விறகை வைத்து ஜன்னலை இறுக்கிச் சாத்தியிருந்தார். அவ்வளவு அன்பாக யாரும் என்னைப் படுக்கவைத்ததில்லை. வாரம் முடிவதற்குள் மறுபடி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன், இந்த முறை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு.

அதுதான் மிக மோசமான காலம். மருந்து கொடுத்தும் திரும்பி வந்துவிட்டதே, அப்படியானால் அதுவேதான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். வீட்டுக்காரரிடம், பாப்பாவை அக்காவுக்கே பிள்ளையாக விட்டுவிடலாமா என்று கேட்டேன். அவர் ஆரஞ்சுப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். "இந்தச் சுளையத் தின்னு," என்றார். வாங்கித் தின்றேன்.

கொஞ்சம் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் வார்டுக் குளிர் தாங்காமல் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டுக்குப் போய் உட்காருவேன். அங்கே சமைத்த ராக்கம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். அதிகாரமான ஆள். அடுப்புப் பக்கம் யாரையும் விடமாட்டார். எனக்கு மட்டும் ஒரு பலகை போட்டுக் கொடுத்தார், வாயாடுவதற்கு ஒரு ஆள் வேண்டுமென்று நினைக்கிறேன். காலையில் போனால் மத்தியானம் வரைக்கும் அங்கேதான். ஒரு நாள் சும்மா இருக்க மாட்டாமல் குவியலின் ஓரத்தில் கிடந்த கட்டை ஒன்றை எடுத்து அடுப்பில் செருகினேன். வெடுக்கென்று பிடுங்கிவிட்டார்.

"அத வைக்காதீங்க தங்கச்சி. நேத்துத்தான் வந்துச்சு, காயல. அத வச்சா இங்க மனுசர் இருக்க ஏலாது."

நான் கோபித்துக்கொண்டு வார்டுக்கு வந்துவிட்டேன். படுத்த பிறகுதான் அந்தப் பேச்சு உறைத்தது. நாள் பூராவும் விறகடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதே வாட்டில் விறகுதான். ஒரு தடவைகூட இருமவில்லை.

மறுநாள் போய்க் கண்ணைத் திறந்து பார்த்தேன். விறகு ஒல்லியாகப் பிளந்து, காய்ந்து, தட்டினால் டங்கென்றது. அடுப்பின் அடியில் இரும்புக் கம்பிகள், அதன் மேல்தான் விறகு. கீழிருந்து காற்று ஏறுவதால் ஊதவே வேண்டியிருக்கவில்லை. மூன்று நான்கு குச்சிக்கு மேல் ஒரே நேரத்தில் வைப்பதில்லை, நடுவில் இடம் விட்டு வைப்பது. சாம்பலை அவ்வப்போது இழுத்துவிடுவது. பானைக்கு மூடி. பின்னால் சுவரோடு ஒரு புகைபோக்கி. மிஞ்சுகிற கொஞ்சப் புகையும் அதன் வழியாக வெளியே போய்விடும். மஞ்சளாக நெருப்பு எரிந்ததே தவிர, கண்ணில் தண்ணீர் வரவில்லை.

அன்றைக்கு டாக்டரம்மா வந்தபோது சொன்னேன். முதல் நாளே என்ன அடுப்பு என்று கேட்டவர்தான் அவர். எல்லார் வீட்டிலும் இருக்கிற அடுப்புதான் என்று நான்தான் பேச்சை முடித்துவிட்டிருந்தேன். இப்போது ஜன்னலைச் சாத்தியது, சாக்கு அடைத்தது, பச்சை விறகு, கட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எரியாத விறகுதாங்க புகை. நல்லா எரிஞ்சா சூடாயிரும், எரியாதது உங்க மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். உள்ள புண்ணு மாதிரி ஆகி, சளி கட்டி, அதுல ரத்தமும் வரும். அது மட்டுமா இருந்தா நல்லது. மதுரைப் பதில் வராம நான் சொல்ல முடியாது. ஆனா அந்த அடுப்பை மாத்தாம வீட்டுக்குப் போகாதீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "குழந்தையும் அங்கேதான் படுத்திருந்துச்சா?" என்றார்.

நான் தலையாட்டினேன். பாப்பாவுக்கு எப்போதும் மூக்கு ஒழுகியது நினைவுக்கு வந்தது. மலைக்குப் புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று துடைத்துவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அடுப்பை மாற்றுவது சொல்வதற்கு லேசு. மேலே தொங்குவது அடுத்தவர் விதை, ஒரு வருஷப் பிழைப்பு. இதை வெள்ளையம்மாக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நானும் வீட்டுக்காரரும் மென்று முழுங்கிக்கொண்டிருந்தோம். அக்கா தானாகவே ஒரு நாள் முட்டையும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு பார்க்க வந்தார். வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அக்கா என்னையே பார்த்தார்.

"பொகை போட்டுட்டு நீ எங்க இருப்ப?"

"அங்கனதான் இருப்பேன்க்கா."

"உள்ளயா? கதவச் சாத்திக்கிட்டா?"

"பொகை வெளிய போயிரும்லக்கா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "அடியே, நாங்க வெள்ளனே ஒரு மூட்டம் போட்டுட்டுத் தோட்டத்துச் சோலிக்குப் போயிருவோம். பொகையில பூண்டுதான் இருக்கும், ஆளா இருக்கும்? நாங்க வரயில அடங்கிக் கெடக்கும். நீயி பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு அதுக்குள்ளயே ஒக்காந்திருந்தியா?"

அவர்களுக்கு அது சொல்லவேண்டிய விஷயமே இல்லை. பகலில் வீட்டில் இருக்கிற பெண் என்று அந்தக் கிராமத்தில் யாரும் கிடையாது, எல்லோரும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். வாத்தியார் பெண்டாட்டி மட்டும்தான் வீட்டில் இருந்தேன், அதுவும் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்தது. அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே அழுதார்.

ஊருக்குப் போனதும் அவரே விதைப்பூண்டை இறக்கி மாட்டுக் கொட்டத்துப் பரணுக்கு மாற்றிவிட்டார். மாடுகள் மேயப்போன பிறகு அங்கே மூட்டம் போடுவது என்று ஏற்பாடு. புகைக்காகக் குறைத்திருந்த வாடகையையும் கூட்டவில்லை. வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பழைய அடுப்பை இடித்தார். பழைய இரும்புக் கடையில் கம்பி வாங்கிப் பதித்து, களிமண்ணும் செங்கல்லும் வைத்துப் புது அடுப்பு கட்டினார். ஓட்டைப் பிரித்து ஒரு குழாயை வெளியே விட்டார். முதல் குழாய் கட்டையாகப் போய், காற்றடித்தால் புகை திரும்பி உள்ளே வந்ததாம். முகட்டுக்கு மேலே தலை நீட்டுகிற மாதிரி உயர்த்திய பிறகு சரியானது. இறவாரத்தின் கீழே விறகைப் பிளந்து, மழை படாமல், காற்றுப் புகும்படி அடுக்கினார். அடுத்த மழைக்கு எரிக்கவேண்டியதை இந்த வெயிலிலேயே அடுக்கிவிட வேண்டும், அவசரத்துக்கு வெட்டினால் புகைதான் கிடைக்கும். பருப்பை ஊறவைத்து வேகவைத்தால் பாதி விறகு போதும். குழாயில் பிடிக்கிற கரியை வாரம் ஒரு தடவை தட்டிவிடவேண்டும். இதையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்து, தானே கண்டுபிடித்த மாதிரி எனக்கு விளக்குவார். சமையற்கட்டில் நான் பார்த்துச் சொன்னதுதான் அத்தனையும். வாத்தியார்களை நிறுத்த முடியாது, விட்டுவிட்டேன்.

மதுரையிலிருந்து பதில் வந்த அன்று நான் வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா தூரத்திலிருந்தே தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு வந்தார். எனக்கு உயிர் போய்விட்டது. பக்கத்தில் வந்ததும், "ஒண்ணும் வளரலைங்க. டி.பி. இல்ல," என்றார். நல்ல சேதிக்குத் தலையை அப்படி ஆட்டலாமா என்று கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். படத்திலும் மேகம் கரைந்திருந்தது. புகையில் உட்காராவிட்டால் மிச்சமும் ஆறிவிடும் என்றார்.

நான் வீட்டுக்குத் திரும்பிய இரண்டாம் நாள் நாகம்மா பாப்பாவைக் கொண்டுவந்தாள். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கையை நீட்டினேன். பாப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். கன்னம் கொழுத்திருந்தது, மூக்கு ஒழுகவில்லை. "ரெண்டு நாள்ல சரியாப் போகும்டி," என்றாள் அக்கா. அவளை நெஞ்சார வாழ்த்தவும் தோன்றியது, பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ளவும் தோன்றியது.

அக்கா ஊருக்குத் திரும்பிய அன்று பாப்பா காலையெல்லாம் வாசலைப் பார்த்து அழுதாள். பால் காய்ச்சிக் கொடுத்தால் தட்டிவிட்டாள். நான் சும்மா தூக்கி வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் நடந்தேன். ஜன்னல் திறந்திருந்தது, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அழுது அழுது களைத்துப்போய், வேறு வழியில்லாமல் என் நெஞ்சில் முகத்தை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்தது. அப்படியே பலகையில் உட்கார்ந்தேன். இருமினால் விழித்துக்கொள்வாள், விழித்தால் நான் யாரோ என்று மறுபடி அழுவாள் என்று பயந்து, மூச்சைப் பாதி பாதியாக விட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் துணிந்து முழு மூச்சு ஒன்றை இழுத்தேன். பாப்பாவின் தலை அதோடு மேலே போய்க் கீழே வந்தது. இன்னொன்று இழுத்தேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"பிள்ளையக் கீழ போட்டுட்டுச் சாப்பிட வா, சரசு."

"நீங்க போட்டுச் சாப்பிடுங்க," என்றேன். "நான் இங்கயே இருக்கேன்."